காவலாளியை அனுப்பிவிட வேண்டாம், வேலை நேரத்தை மாற்றுவோம்

(உயர்தொழில்நுட்ப ஆய்வகப் பொறுப்பாசிரியர்களுக்கான வட்டார அளவிலான பயிற்சியில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



எனக்கு ஒதுக்கப்பட்ட தலைப்பு ‘கணினிப் பராமரிப்பு’. அது பெரிய கடல். இருக்கிற முக்கால் மணி நேரத்தில், நம் எல்லோருடைய ஆய்வகத்திலும் இருக்கும் ஒரே ஒரு சிக்கலை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். கணினியை இயக்குகிறோம். திரை வருகிறது. பிள்ளைகள் உட்காருகிறார்கள். சுட்டியை அழுத்தினால் வட்டம் சுற்றுகிறது, சுற்றிக்கொண்டே இருக்கிறது. எந்த நிரலும் திறந்திருக்கவில்லை. ஆனாலும் பெட்டிக்குள் ஏதோ கடகடவென்று ஓடுகிறது. பத்துப் பன்னிரண்டு நிமிடம் இப்படியே போய்விடுகிறது.

45 நிமிடப் பாடவேளையில் 12 நிமிடம் என்றால் நான்கில் ஒரு பங்குக்கு மேல். நம் பிள்ளைகளில் பலருக்கு வீட்டில் கணினி கிடையாது. வாரத்தில் ஒன்றிரண்டு முறை இந்த ஆய்வகத்தில் விசைப்பலகையைத் தொட்டால்தான் உண்டு. அந்த நேரத்தை எது தின்கிறது என்று தெரிந்துகொள்வது நம் கடமை என்று நினைக்கிறேன்.

பல காரணங்கள் இருக்கலாம். அவற்றில் அடிக்கடி அகப்படுவது, நம்மைக் காக்க வைத்திருக்கும் வைரஸ் எதிர்ப்பு மென்பொருள், அதாவது ஆன்டிவைரஸ், நமக்குத் தெரியாமல் பின்னணியில் நடத்தும் சோதனை.

இரண்டு வேலை, ஒரு காவலாளி

ஆன்டிவைரஸ் இரண்டு விதமாக வேலை செய்கிறது. முதலாவது, வாசலில் நிற்கும் வேலை. ஒரு கோப்பைத் திறக்கும்போதும், பென்டிரைவிலிருந்து நகலெடுக்கும்போதும், இணையத்திலிருந்து இறக்கும்போதும் அந்தக் கோப்பை மட்டும் பார்த்து உள்ளே விடும். இதை உடனடிப் பாதுகாப்பு என்கிறார்கள். இதனால் வரும் தாமதம் பெரும்பாலும் நமக்குத் தெரிவதில்லை.

இரண்டாவது, உள்ளே இருக்கும் எல்லாவற்றையும் எண்ணிப் பார்க்கும் வேலை. ஆண்டுதோறும் நாம் செய்யும் இருப்புச் சரிபார்ப்பை நினைத்துக்கொள்ளுங்கள். இருப்புப் பதிவேட்டை வைத்துக்கொண்டு ஒவ்வொரு பெஞ்சாக, ஒவ்வொரு சோதனைக்குழாயாகத் தொட்டுப் பார்ப்போம் அல்லவா? முழுச் சோதனை என்பது அதுதான். சரிபார்ப்பு அவசியம். ஆனால் அதை வகுப்பு நடக்கும்போது, பிள்ளைகள் உட்கார்ந்திருக்கும் பெஞ்சைத் தூக்கித் தூக்கிச் செய்தால் என்ன ஆகும்? நம் ஆய்வகத்தில் நடப்பது அதுவே.

ஏன் இவ்வளவு நேரம்?

ஒரு சிறு கணக்குப் போடுவோம். ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளே போட்டுவிடுவார்கள்.

பழைய கணினிகளில் இருப்பது சுழலும் வன்தட்டு. மேசைக் கணினிகளில் அது பொதுவாக நிமிடத்துக்கு 7,200 முறை சுற்றும். அதாவது நொடிக்கு 120 சுற்று. ஒரு சுற்றுக்குச் சுமார் 8.3 மில்லி நொடி. தேவையான இடம் படிக்கும் முனையின் கீழே வந்து சேரச் சராசரியாக அரைச் சுற்று, அதாவது 4 மில்லி நொடி காத்திருக்க வேண்டும். அதற்கு முன் முனை சரியான தடத்துக்கு நகர ஏறத்தாழ 9 மில்லி நொடி. மொத்தம் 13 மில்லி நொடி. ஆக, சிதறிக் கிடக்கும் சிறு கோப்புகளை அது நொடிக்குச் சுமார் 75 மட்டுமே தொட முடியும்.

ஒரு கணினியில் 3 லட்சம் கோப்புகள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். 3,00,000ஐ 75ஆல் வகுத்தால் 4,000 நொடி. ஒரு மணி நேரத்துக்கும் மேல். சோதனைக்கு நடுவே ஒரு மாணவி உலாவியைத் திறந்தால், அந்த வேண்டுகோளும் அதே வரிசையில் நின்று அதே முனைக்காகக் காத்திருக்கும். அதனால்தான் வட்டம் சுற்றுகிறது. திடநிலை வட்டு, அதாவது எஸ்.எஸ்.டி. உள்ள கணினியில் சுழலும் தட்டே கிடையாது. அங்கே இதே சோதனை நடந்தாலும் பலருக்குத் தெரிவதே இல்லை.

ஏன் சரியாக நம் பாடவேளையில்?

இதுதான் பலரும் கேட்கும் கேள்வி. ‘வேண்டுமென்றே நம் நேரத்தில் வருகிறதா சார்?’ என்று சென்ற பயிற்சியில் ஒரு டீச்சர் கேட்டார். வேண்டுமென்று வரவில்லை. ஆனால் வருவதற்குக் காரணம் இருக்கிறது.

முதல் காரணம், இரவு. பராமரிப்பு வேலைகளை ஆள் இல்லாத நேரத்தில் செய்ய வேண்டும் என்றுதான் மென்பொருள் எழுதியவர்கள் நினைத்தார்கள். விண்டோஸ் 10இல் தானியங்கிப் பராமரிப்புக்கு இயல்பாக வைத்திருக்கும் நேரம் அதிகாலை 2 மணி. இரவு முழுதும் கணினி இயங்கும் அலுவலகத்துக்கு அது பொருந்தும். நாமோ மாலையில் பூட்டும்போது மெயின் சுவிட்சையே அணைத்துவிடுகிறோம். அது சரியான பழக்கம்தான். ஆனால் இரவில் தவறிய வேலை கணக்கிலிருந்து போய்விடுவதில்லை. அடுத்து வாய்ப்புக் கிடைக்கும்போது செய்துகொள்ளக் காத்திருக்கும். தவறிய சோதனையைக் கணினி அடுத்து இயங்கும்போது தொடங்கும் அமைப்பு பல ஆன்டிவைரஸ்களில் உண்டு. நமக்கு அடுத்து இயங்குவது எப்போது? முதல் பாடவேளையில்.

இரண்டாவது காரணம் நம் கற்பித்தல் முறையிலேயே இருக்கிறது. கணினியை இயக்கச் சொல்லிவிட்டு, ‘இங்கே பாருங்க’ என்று கரும்பலகையில் பத்து நிமிடம் விளக்குகிறோம். அந்தப் பத்து நிமிடமும் யாரும் சுட்டியைத் தொடவில்லை. கணினி என்ன நினைக்கும்? ‘ஆள் போய்விட்டார், வேலையை ஆரம்பிக்கலாம்’ என்று நினைக்கும். விண்டோஸுடன் வரும் டிஃபெண்டர், குறித்த நேரச் சோதனையைக் கணினி சும்மா இருக்கும்போது தொடங்கும்படிதான் அமைக்கப்பட்டிருக்கிறது. நாம் விளக்கி முடித்துப் பிள்ளைகள் திரும்பும்போது அது பாதி வழியில் இருக்கும்.

மூன்றாவது, பத்துக் கணினியும் ஒரே நேரத்தில் இயங்குவது. புதிய வைரஸ் விவரங்களை இறக்கப் பத்தும் ஒரே இணைய இணைப்பில் ஒன்றாகப் பாயும். வட்டும் மெதுவாகும், இணையமும் மெதுவாகும்.

முதலில் சான்று, பிறகு தீர்ப்பு

கணினி மெதுவாக இருந்தாலே ஆன்டிவைரஸ்தான் காரணம் என்று சொல்லிவிடக் கூடாது. விண்டோஸ் புதுப்பிப்பு, தேடலுக்கான அட்டவணை தயாரிப்பு, போதாத நினைவகம், பழுதாகும் வன்தட்டு எல்லாமே இதே அறிகுறியைக் காட்டும். காய்ச்சல் என்றாலே மலேரியா என்று சொல்ல முடியுமா? இரத்தம் பரிசோதித்துத்தானே சொல்கிறோம்!

பரிசோதனை எளிது. கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்று விசைகளையும் ஒன்றாக அழுத்துங்கள். டாஸ்க் மேனேஜர் திறக்கும். சுருக்கமாகத் தெரிந்தால் ‘மோர் டீடெய்ல்ஸ்’ என்பதை அழுத்துங்கள். சி.பி.யு., மெமரி, டிஸ்க், நெட்வொர்க் என்று பத்திகள் இருக்கும். ‘டிஸ்க்’ என்ற தலைப்பை அழுத்தினால், வட்டை அதிகம் பயன்படுத்தும் நிரல் மேலே வரும். டிஃபெண்டர் என்றால் ‘ஆன்டிமால்வேர் சர்வீஸ் எக்ஸிகியூட்டபிள்’ என்று பெயர் தெரியும். வேறு ஆன்டிவைரஸ் என்றால் அதன் பெயர் தெரியும்.

இங்கே ஒரு நுட்பத்தைக் கவனியுங்கள். பலரும் சி.பி.யு. பத்தியை மட்டும் பார்த்துவிட்டு, ‘முப்பது சதவீதம்தானே இருக்கு, பிரச்சினை இல்லையே’ என்று மூடிவிடுகிறார்கள். குறித்த நேரச் சோதனையின்போது டிஃபெண்டர் சராசரியாகச் சி.பி.யு.வில் 50 சதவீதத்துக்குள் நிற்கும்படி இயல்பாகவே ஓர் அளவு வைத்திருக்கிறார்கள். அந்த அளவு சி.பி.யு.வுக்கு மட்டும்தான். வட்டுக்கு அப்படி எதுவும் இல்லை. சி.பி.யு. 30இல் இருக்கும்போதே வட்டு 100இல் நிற்கலாம். நம் பழைய கணினிகளில் நெரிசல் அங்கேதான்.

இன்னொன்று, சும்மா இருக்கும் நேரத்தில் ஓடும் வேலைகள் சில, நாம் சுட்டியை அசைத்த உடனே நின்றுவிடும். நாம் டாஸ்க் மேனேஜரைத் திறப்பதற்குள் தடயம் மறைந்துவிடும். ‘டாக்டரைப் பார்த்ததும் வலி போயிடுச்சு’ என்பது போல. அதனால் டாஸ்க் மேனேஜரைத் திறந்தபடியே வைத்துவிட்டுக் கையை எடுத்துக்கொண்டு, பத்து நிமிடம் தள்ளி நின்று பாருங்கள்.

நடந்து முடிந்த சோதனைக்கும் பதிவு உண்டு. விண்டோஸ் செக்யூரிட்டியைத் திறந்து ‘வைரஸ் அண்ட் த்ரெட் புரொடெக்‌ஷன்’ பக்கத்துக்குப் போனால், கடைசிச் சோதனை எந்த நாள், எந்த நேரம், எவ்வளவு நேரம் ஓடியது, எத்தனை கோப்புகளைப் பார்த்தது என்று எழுதியிருக்கும். அந்த நேரம் உங்கள் பாடவேளைக்குள் வருகிறதா என்று கால அட்டவணையோடு ஒப்பிட்டுப் பாருங்கள். சான்று கையில் கிடைத்துவிடும்.

நீக்கிவிடலாமா?

‘இவ்வளவு தொல்லை என்றால் ஆன்டிவைரஸை எடுத்துவிட்டால் என்ன?’ இந்தக் கேள்வியை நான் கேட்காத பயிற்சியே இல்லை. வேகம் கிடைக்கும், மறுக்கவில்லை. ஆனால் என்ன விலைக்கு?

எனக்குத் தெரிந்த ஒரு பள்ளியில் அரையாண்டுத் தேர்வு நேரத்தில் அப்படித்தான் எடுத்தார்கள். இரண்டு நாள் கணினி பறந்தது. மூன்றாம் நாள், வெளிக் கடையில் வினாத்தாள் அச்செடுத்துவிட்டு வந்த ஒரு பென்டிரைவைச் செருகினார்கள். அதிலிருந்து ஒவ்வொரு கணினிக்கும், அங்கிருந்து ஒவ்வோர் ஆசிரியரின் பென்டிரைவுக்கும் பரவியது. கோப்புறைகள் எல்லாம் குறுக்குவழிப் படங்களாக மாறி நின்றன. மதிப்பெண் பட்டியல் போய்விட்டது என்று பதறினார்கள். நல்லவேளையாக, அந்த வகை வைரஸ் கோப்புகளை அழிக்கவில்லை, மறைத்துத்தான் வைத்திருந்தது. மீட்டுவிட்டார்கள். ஆனாலும் ஒரு வாரம் ஆய்வகம் பூட்டிக் கிடந்தது.

எல்லா வைரஸும் அப்படி இரக்கம் காட்டாது. 2017 மே 12 அன்று பரவத் தொடங்கிய வானாக்ரை, கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்டது. இங்கிலாந்தில் மருத்துவமனைகள் நோயாளிகளைத் திருப்பி அனுப்ப வேண்டி வந்தது. அது நுழைந்த ஓட்டையை அடைக்கும் திருத்தத்தை மைக்ரோசாஃப்ட் அந்த ஆண்டு மார்ச் மாதமே வெளியிட்டிருந்தது. போட்டுக்கொள்ளாத கணினிகள்தான் அகப்பட்டன. ஆகவே ஆன்டிவைரஸ் மட்டும் போதாது, விண்டோஸ் புதுப்பிப்பும் வேண்டும். விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14இல் முடிந்துவிட்டது என்பதையும் இங்கே நினைவில் கொள்ளுங்கள்.

நம் கணினிகளில் என்ன இருக்கிறது? எமிஸ் கடவுச்சொல், பிள்ளைகளின் ஆதார் எண், கல்வி உதவித்தொகைக்கான வங்கிக் கணக்கு விவரம். பெற்றோர் நம்மை நம்பிக் கொடுத்தவை. வேகத்துக்காக அவற்றை வாசலில் வைக்க நமக்கு உரிமை இல்லை.

அதே நேரம், ஆன்டிவைரஸ் குறையே இல்லாதது என்றும் நான் சொல்ல மாட்டேன். கணினியின் அடிமட்டம் வரை போகும் அதிகாரம் அதற்கு உண்டு. 2010 ஏப்ரலில் மெக்காஃபி வெளியிட்ட ஒரு புதுப்பிப்பு, விண்டோஸ் எக்ஸ்பியின் சொந்தக் கோப்பு ஒன்றையே வைரஸ் என்று நினைத்துப் பிடித்துக்கொண்டது. கணினிகள் திரும்பத் திரும்ப அணைந்து அணைந்து இயங்கின. 2024 ஜூலை 19 அன்று கிரவுட்ஸ்டிரைக் என்ற பாதுகாப்பு மென்பொருளின் பிழையான புதுப்பிப்பால், மைக்ரோசாஃப்டின் மதிப்பீட்டின்படி 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் முடங்கின. நம் நாட்டு விமான நிலையங்களிலும் போர்டிங் பாஸைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள். ஆகையால், காவலாளி வேண்டும், காவலாளியின் மேல் ஒரு கண்ணும் வேண்டும்.

செய்ய வேண்டியவை

ஒன்று, நேரத்தை மாற்றுங்கள். அன்றாடத்துக்கு விரைவுச் சோதனை போதும். வைரஸ் வழக்கமாக ஒளிந்துகொள்ளும் இடங்களையும் அப்போது நினைவகத்தில் ஓடுவதையும் மட்டும் அது பார்க்கும். அதை மதிய உணவு இடைவேளைக்கு வையுங்கள். முழுச் சோதனையை மாதத்துக்கு ஒருமுறை, பள்ளி முடிந்து நீங்கள் அலுவலகத்தில் பதிவேடு எழுதும் மாலையில் வையுங்கள். முடிந்ததும் அணைத்துவிட்டுப் போகலாம். டிஃபெண்டரின் நேரத்தை ‘டாஸ்க் ஷெட்யூலர்’ என்ற இடத்தில் மாற்றலாம். வேறு ஆன்டிவைரஸ்களில் அவற்றின் அமைப்புப் பக்கத்திலேயே இருக்கும்.

இரண்டு, தவணை முறையில் செய்யுங்கள். முழுச் சோதனையைப் பத்துக் கணினிக்கும் ஒரே நாளில் வைக்காமல் நாளுக்கு இரண்டு என்று பிரியுங்கள்.

மூன்று, ஒரு கணினிக்கு ஓர் ஆன்டிவைரஸ். ஒன்றுக்கு இரண்டாகப் போட்டால் பாதுகாப்பு இரட்டிப்பாகாது. ஒன்று திறக்கும் கோப்பை மற்றொன்று சோதிக்கும், இதைப் பார்த்து அது மறுபடி சோதிக்கும். வேறு ஆன்டிவைரஸை முறையாக நிறுவினால் டிஃபெண்டர் தானே ஒதுங்கிக்கொள்ளும். ஆனால் உரிமக் காலம் முடிந்த பழையதை நீக்காமலே புதியதைப் போடுவதுதான் பல பள்ளிகளில் நடக்கிறது.

நான்கு, விதிவிலக்கை அளந்து கொடுங்கள். குறிப்பிட்ட கோப்புறையைச் சோதிக்காதே என்று சொல்லும் வசதி உண்டு. மொத்தச் சி டிரைவையும் விலக்கிவிட்டால், வாசலில் காவலாளியை நிற்கவைத்துக் கண்ணைக் கட்டிவிட்டது போலாகும். பென்டிரைவை ஒருபோதும் விலக்காதீர்கள்.

ஐந்து, ‘கணினியை வேகமாக்கும்’ இலவச நிரல்களையும், பூட்டு உடைத்த ஆன்டிவைரஸையும் தொடாதீர்கள். உலாவியின் மூலையில் ‘உங்கள் கணினியில் வைரஸ் உள்ளது’ என்று வரும் அறிவிப்பை நம்பி அழுத்தாதீர்கள். இலவசக் கருவி வேண்டுமானால், மத்திய அரசின் சைபர் ஸ்வச்தா கேந்திரா தளத்தில் கிடைக்கிறது.

நம் கையில் கடவுச்சொல் இல்லையென்றால்?

பல ஆய்வகங்களில் நிர்வாகிக் கடவுச்சொல் பராமரிப்பு நிறுவனத்திடம் இருக்கும். நாம் எதையும் மாற்ற முடியாது. அப்போது நம் கையில் இருக்கும் கருவி புகார்ப் பதிவேடு. ‘கணினி மெதுவாக இயங்குகிறது, ஆவன செய்யவும்’ என்று எழுதினால், வருபவர் நின்று பார்க்கும்போது கணினி நன்றாக ஓடும். ‘சரியாக உள்ளது’ என்று கையெழுத்திட்டுப் போய்விடுவார்.

அதற்குப் பதில் இப்படி எழுதுங்கள்: ‘கணினி எண் 3, 5, 8. திங்கள் காலை 9.40 முதல் 10.25 வரை வட்டுப் பயன்பாடு 100 சதவீதம். அந்நேரம் முழுச் சோதனை ஓடியதற்கான திரைப்படம் இணைப்பு. சோதனை நேரத்தைப் பிற்பகல் 12.50க்கு மாற்றித் தருமாறு வேண்டுகிறேன்.’ எந்தக் கணினி, எந்த நேரம், என்ன காரணம், என்ன வேண்டும் என்ற நான்கும் இருந்தால் அந்தப் புகாரைத் தட்டிக்கழிப்பது கடினம். தலைமையாசிரியரிடமும் ஒரு பிரதி கொடுத்து வையுங்கள்.

இதுவே ஒரு பாடம்

நான் அறிவியல் ஆசிரியர். இந்தச் சிக்கலைப் பிள்ளைகளிடமே கொடுத்துவிட்டேன். எட்டாம் வகுப்பில் ஒவ்வொரு கணினிக்கும் இரண்டு பேர். கணினியை இயக்கியதிலிருந்து உலாவியில் ஒரு பக்கம் முழுதாகத் திறக்கும் வரை எத்தனை நொடி என்று அளந்து, ஒரு வாரம் அட்டவணை போட்டார்கள். அடுத்த வாரம் சோதனை நேரத்தை மட்டும் மாற்றினோம். வேறு எதையும் தொடவில்லை. மறுபடி அளந்தார்கள். சராசரி கண்டார்கள், வரைபடம் வரைந்தார்கள்.

எட்டுக் கணினிகளில் நேரம் குறைந்தது. இரண்டில் குறையவே இல்லை. ‘சார், இதுக்கு வேற காரணம் இருக்கணும்’ என்று ஒரு மாணவி சொன்னாள். பார்த்தால், அந்த இரண்டின் வன்தட்டு பழுதாகிக்கொண்டிருந்தது. சரியான நேரத்தில் கோப்புகளை வேறிடத்தில் எடுத்து வைக்க முடிந்தது. ஒரு காரணியை மட்டும் மாற்ற வேண்டும், எதிர்பார்த்த விடை வராதபோது அதையும் எழுதி வைக்க வேண்டும் என்று பாடநூலில் சொல்வதை அன்று அவர்கள் கையால் தொட்டார்கள்.

நிறைவாக

உங்களிடம் ஒன்றே ஒன்று கேட்டுக்கொள்கிறேன். வரும் திங்கட்கிழமை ஆய்வகத்தைத் திறந்ததும், ஒவ்வொரு கணினியிலும் கடைசிச் சோதனை எப்போது நடந்தது, எவ்வளவு நேரம் ஓடியது என்ற இரண்டு தகவலை மட்டும் ஒரு தாளில் எழுதுங்கள். ஐந்து நிமிடம் போதும். எந்தப் பாடவேளை பறிபோகிறது என்று அந்தத் தாளே உங்களுக்குச் சொல்லிவிடும். அடுத்த கூட்டத்துக்கு வரும்போது அதைக் கொண்டுவாருங்கள். ஒன்றாக உட்கார்ந்து பார்ப்போம்.